மஞ்சள் மருந்துங்களா? நான்கு மாதத்தில் இரண்டு முறை வந்த ஒரு காமாலை

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். 2023-இல் என்னிடம் வந்த ஒரு அம்மாவின் கதை இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

பின்னணி

அவருக்கு வயது 56. கணவர் மஞ்சள் விவசாயி. மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி மூட்டை கட்டும் வேலையில் முப்பது வருடமாகக் கூடவே நின்றவர். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, குடும்பத்தில் யாருக்கும் கல்லீரல் நோய் இல்லை. இருந்த ஒரே தொல்லை முட்டி வலி. இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலதில் கொஞ்சம் அதிகம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி, வலித்த நாளில் எல்லாம் போட்டிருக்கிறார். வயிறு எரிந்ததால் மே மாதம் அதைக் குறைத்துக்கொண்டார்.

மே மாதம் இன்னொன்றும் நடந்தது. அது எனக்கு நவம்பரில்தான் தெரியவந்தது.

முதல் காமாலை: ஜூலை 2023

ஜூலை நடுவில் வந்தார். பத்து நாளாகச் சோர்வு, சோறு பிடிக்கவில்லை, வாந்தி வருவது போல இருக்கிறது, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போகிறது என்றார். கண் நன்றாக மஞ்சளித்திருந்தது. வயிற்றின் வலது மேல்பக்கம் அழுத்தினால் லேசாக வலித்தது. காய்ச்சல் இல்லை. தெளிவாகப் பேசினார்.

ரத்தப் பரிசோதனையில் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 6.8, கல்லீரல் செல் அடிபட்டால் ஏறும் எஸ்ஜிபிடி 1,240, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 168, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.1. எஸ்ஜிபிடி இயல்பின் மேல்வரம்பைப் போல முப்பது மடங்குக்கு மேல். பித்தநாள அடைப்பில் ஏறுகிற ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் லேசாகத்தான் கூடியிருந்தது. அதாவது பித்தம் வடிகிற வழியில் கோளாறு இல்லை, கல்லீரல் செல்களே அடிபட்டிருக்கின்றன. ஸ்கேனும் அதையே சொன்னது: கல் இல்லை, குழாய் விரியவில்லை, கொஞ்சம் கொழுப்புப் படிவு மட்டும்.

மழைக்காலக் காமாலை என்றால் எங்கள் பக்கம் முதலில் நினைப்பு போவது தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டுக்கும்தான். இரண்டும் நெகட்டிவ். பி, சி நெகட்டிவ். ஏஎன்ஏ என்ற தன்னெதிர்ப்புப் பரிசோதனை 1:160 அளவில் பாசிட்டிவ். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் எந்த நோயும் இல்லாமலேயே இது சிலருக்குப் பாசிட்டிவாக வரும். அதனால் குறித்து மட்டும் வைத்தேன்.

நான் எடுத்த முடிவும் காரணமும்

"வேற என்ன மருந்து சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டேன். "அந்த வலி மாத்திரை மட்டுந்தானுங்க" என்றார். கீழாநெல்லி, நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்றும் கேட்டேன். இல்லை என்றார். அவர் சொன்ன இரண்டு பதிலும் அவரளவில் உண்மை.

டைக்ளோஃபெனாக் கல்லீரலைத் தாக்கக்கூடியது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். மூட்டுத் தேய்மானம் உள்ள வயதான பெண்களில் அது அதிகம் என்றும் படித்திருக்கிறோம். என் எதிரில் உட்கார்ந்திருந்தவர் அந்த விவரிப்புக்கு அப்படியே பொருந்தினார். கேஸ் ஷீட்டில் "டைக்ளோஃபெனாக் காரணமான கல்லீரல் அழற்சி" என்று எழுதினேன். 'சந்தேகம்' என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. இப்போது அந்தத் தாளைப் பார்க்கும்போது என் கண் அங்கேதான் போய் நிற்கிறது.

அதே சமயம் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. மருந்தால் கல்லீரல் செல்கள் அடிபட்டு, கூடவே காமாலையும் வந்துவிட்டால், ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறக்கிறார் அல்லது மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலைக்குப் போகிறார். ஹைமன் சிம்மர்மன் என்ற அமெரிக்க மருத்துவர் கவனித்துச் சொன்ன கணக்கு அது. அதனால் வாரம் இரண்டு முறை ஐஎன்ஆர் பார்த்தோம். தூக்கம் மாறினாலோ பேச்சு குழறினாலோ நடுராத்திரியானாலும் கூப்பிடச் சொன்னேன். டைக்ளோஃபெனாக்கை அடியோடு நிறுத்தினேன்.

முட்டி வலிக்கு மாற்றாக என்ன கொடுத்தேன்? ஒன்றுமே கொடுக்கவில்லை. கல்லீரல் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை

எஸ்ஜிபிடி வாரா வாரம் இறங்கியது. 1,240, 700, 310, 120. செப்டம்பர் கடைசியில் இயல்புக்கு வந்தது. என் கணிப்பு சரி என்று அந்த எண்களே சொல்வது போல இருந்தது.

வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காமாலை என்று தெரிந்ததுமே மாமியார் பத்தியம் போட்டுவிட்டார். எண்ணெய் கூடாது, காரம் கூடாது, குழம்பில் மஞ்சள் கூடாது. மஞ்சள் நோய்க்கு மஞ்சள் ஆகாது என்பது அந்த வீட்டுக் கணக்கு. ஆகஸ்டில் நான், "பத்தியம் எல்லாம் வேண்டாம்மா, நல்லா சாப்பிட்டாத்தான் உடம்பு தேறும்" என்று சொன்னேன். மருத்துவப்படி அது சரியான அறிவுரை. கண் வெளுக்கும்வரை மாமியார் அதைக் கேட்கவில்லை. கண் வெளுத்த பிறகு கேட்டார்கள்.

அக்டோபர் 23 ஆயுத பூஜை. வீடு முழுக்கக் கழுவி, குடோனைச் சுத்தம் செய்து, இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்ததில் முட்டி வீங்கிவிட்டது. வலி மாத்திரை போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் வேறொன்றை எடுத்தார்.

இரண்டாவது காமாலை: நவம்பர் 2023

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு பழைய சோர்வு திரும்ப வந்தது. பலகார வேலை என்று நினைத்துக்கொண்டார். நவம்பர் 14 அன்று சிறுநீர் நிறம் மாறியதைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தார். பிலிருபின் 5.2, எஸ்ஜிபிடி 910, ஐஎன்ஆர் 1.4.

ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செய்வதில் கல்லீரல் பின்வாங்கத் தொடங்கினால் ஐஎன்ஆர் ஏறும். 1.1 இருந்தது 1.4 ஆகியிருந்தது. டைக்ளோஃபெனாக்கை ஜூலைக்குப் பின் தொடவே இல்லை என்று கணவரும் மகளும் உறுதியாகச் சொன்னார்கள். அப்படியானால் என் பழைய நோயறிதல் ஒன்று தவறு, இல்லை பாதிதான் சரி. மறுநாளே கோவையில் ஒரு கல்லீரல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினேன்.

அங்கே முதல் சந்தேகம் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி. அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது. பெண், ஐம்பதைத் தாண்டிய வயது, ஏஎன்ஏ பாசிட்டிவ், ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் 1,780 என்று சற்றே கூடுதல், தானாகக் குறைந்து திரும்ப வந்த அழற்சி. உடலின் எதிர்ப்பு அணுக்கள் சொந்தக் கல்லீரலையே தாக்கும் நோய் அது. அதுதான் என்று முடிவானால் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். பிறகு வருடக் கணக்கில், பலருக்கு ஆயுள் முழுக்க, மாத்திரை ஓடும்.

நவம்பர் 17 அன்று திசுப் பரிசோதனை செய்தார்கள். நிணநீர் அணுக்கள், பிளாஸ்மா அணுக்கள், ஆங்காங்கே இயோசினோபில்கள், செத்த கல்லீரல் செல்கள். தழும்பு இல்லை. "மருந்தாகவும் இருக்கலாம், தன்னெதிர்ப்பாகவும் இருக்கலாம், இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது" என்பது நோய்க்கூறியல் மருத்துவரின் குறிப்பு. சில மருந்துகள் தன்னெதிர்ப்பு நோயின் முகத்தை அப்படியே போட்டுக்கொள்ளும் என்பதால் அவர் சொன்னது நேர்மையான பதில்தான்.

கட்டைப் பையில் இருந்த டப்பா

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் வந்த இளம் டாக்டர் ஒருவர், கட்டிலுக்குக் கீழே இருந்த கட்டைப் பையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா எட்டிப் பார்ப்பதைக் கவனித்தார்.

"இது என்னங்கம்மா?"

"அது மருந்தில்லீங்க. மஞ்சளுங்க. முட்டி வலிக்குப் புள்ள ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தது."

டப்பாவின் படத்தை எனக்கும் அனுப்பினார்கள். ஒரு காப்ஸ்யூலில் மஞ்சள் சாறு 500 மில்லிகிராம் (அதில் 95 சதவீதம் குர்குமின் என்ற மஞ்சளின் முக்கியப் பொருள்), மிளகுச் சாறு 5 மில்லிகிராம். பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். கீழே பொடி எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இது மருந்தில்லை என்று டப்பாவே சொல்கிறது. அவரும் அதையேதான் சொன்னார்.

உட்கார்ந்து தேதிகளைக் கேட்டு எழுதினார்கள். மே முதல் வாரத்தில் தொடங்கி, காலை ஒன்று இரவு ஒன்று. ஜூலை தொடக்கத்தில், இரண்டு மாதம் கழித்து, முதல் சோர்வு. காமாலை தெரிந்ததும் பத்தியத்தோடு காப்ஸ்யூலும் நின்றுவிட்டது. "காமாலைக்கு மஞ்சள் ஆகாதுன்னு அத்தை சொன்னாங்க, அதனால அதையும் விட்டுட்டனுங்க." ஆயுத பூஜை முடிந்த மறுநாள் திரும்பத் தொடங்கினார். பதினாறாம் நாள் சோர்வு வந்துவிட்டது. முதல் முறை இரண்டு மாதம், இரண்டாம் முறை இரண்டு வாரம் சொச்சம். உடலின் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை ஏற்கெனவே அடையாளம் கண்டுவைத்திருந்தால் இப்படித்தான் சீக்கிரம் கிளம்பும்.

மருத்துவமனையில் சேர்ந்த பிறகும் மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறார். வார்டு சாம்பாரில் மஞ்சள் இருந்தது, யாரும் தடுக்கவில்லை, அதனால் இதுவும் பரவாயில்லை என்று நினைத்தாராம்.

ஆய்வுகளில் கிடைத்தவை

அன்றிரவே அந்த இளம் டாக்டர் தேடி எடுத்தது 2022-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. மருந்தாலும் மூலிகைச் சத்துப்பொருள்களாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை 2004 முதல் பதிவு செய்துவரும் மருத்துவமனைக் கூட்டமைப்பு ஒன்று செய்தது அது. மஞ்சள் சத்துப்பொருளால் என்று அவர்கள் உறுதிசெய்த 10 பேரில் 8 பேர் பெண்கள். 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். பத்துப் பேருமே 2011 முதல் வந்தவர்கள். பரிசோதித்த 7 டப்பாக்களிலும் மஞ்சள் இருந்தது, 3-இல் மிளகின் பைப்பரினும் இருந்தது.

இதைவிட முக்கியமான செய்தி மரபணுவில் இருந்தது. 10 பேரில் 7 பேரிடம் எச்எல்ஏ-பி*35:01 என்ற வகை இருந்தது. எச்எல்ஏ என்பது ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே ஏந்திக் காட்டும் தட்டு மாதிரி. ரோந்து வரும் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்த்துத்தான் இது நம் செல்லா, வேற்று ஆளா என்று முடிவு செய்கின்றன. தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். சில வடிவங்களில் சில பொருள்கள் உட்கார்ந்துகொண்டால், நல்ல செல்லும் எதிரி போலத் தெரியும் என்று கருதுகிறார்கள். பச்சைத் தேயிலைச் சாற்றால் வரும் கல்லீரல் பாதிப்பிலும், சீன மூலிகை ஒன்றால் வரும் பாதிப்பிலும் இதே பி*35:01 முன்பே தென்பட்டிருந்தது. மூன்றும் தாவர பாலிஃபீனால்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மிளகுக்கு வருவோம். மஞ்சளின் குர்குமின் சாதாரணமாக ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் ஏறும். குடல் சுவரும் கல்லீரலும் அதைச் சர்க்கரை அமிலத்தோடு ஒட்டவைத்து வெளியே தள்ளிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனிதர்களில் அது உடலில் சேர்வது 2,000 சதவீதம் கூடியது. ஒட்டவைக்கும் அந்த நொதிகளைப் பைப்பரின் மட்டுப்படுத்துகிறது. இன்று டப்பாக்களில் "அதிக உறிஞ்சுதல்" என்று விளம்பரம் செய்வதற்கு அடிப்படை இந்த ஆய்வுதான். உறிஞ்சுதல் கூடினால் நல்லது மட்டும் கூடுமா என்ன?

இந்த அம்மாவின் வீட்டுச் சமையலை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். அவர் தினமும் விழுங்கிய இரண்டு காப்ஸ்யூலில் 950 மில்லிகிராம். அதைத் தூளாகச் சாப்பிட வேண்டுமானால் 30 கிராமுக்கு மேல் வேண்டும், அதுவும் ஒரே ஆளுக்கு. அவர் வீட்டில் ஐந்து பேருக்கு வைக்கும் குழம்பில் போடுவது ஒரு சின்னக் கரண்டி. குழம்பு மஞ்சளுக்கும் இந்தக் காப்ஸ்யூலுக்கும் பெயர் ஒன்று, அளவு வேறு, உடலுக்குள் போகும் வழியும் வேறு. அந்த ஊரிலேயே மஞ்சளை நம்பி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன, அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஸ்டீராய்டா, காத்திருப்பதா

நவம்பர் 18 அன்று எஸ்ஜிபிடி 1,060. ஐஎன்ஆர் 1.4-லேயே நின்றது. இரண்டு வழி இருந்தது.

உடனே ஸ்டீராய்டு கொடுத்தால், தன்னெதிர்ப்பு நோயாக இருந்தாலும் மருந்து எதிர்வினையாக இருந்தாலும் அழற்சி அடங்கலாம். ஆனால் எதனால் அடங்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பயந்தே அவர் வருடக் கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டிவரும். காப்ஸ்யூலை மட்டும் நிறுத்திக் காத்திருந்தால் காரணம் தெளிவாகும். ஒருவேளை உண்மையிலேயே தன்னெதிர்ப்பு நோயாக இருந்தால், அந்தக் காத்திருப்பில் கல்லீரல் கைவிட்டுப் போகலாம்.

சிறப்பு மருத்துவர் காத்திருக்க முடிவு செய்தார், எல்லை போட்டுக்கொண்டு. தினமும் ஐஎன்ஆர். 1.5-ஐத் தாண்டினாலோ நினைவில் சிறு தடுமாற்றம் வந்தாலோ அன்றே மாற்று அறுவை செய்யும் மையத்துக்கு மாற்றுவது. ஐந்து நாளில் எஸ்ஜிபிடி குறையத் தொடங்காவிட்டால் ஸ்டீராய்டு. இந்த முடிவுக்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: திசுவில் தழும்பு இல்லை, அதாவது நாள்பட்டு ஓடிய நோய்க்கு அடையாளம் இல்லை, தேதிகள் இரண்டு முறையும் காப்ஸ்யூலோடு பொருந்துகின்றன. குடும்பத்தாரை உட்காரவைத்து இரண்டு வழியையும் விளக்கினார். மகள் அழுதுகொண்டே இருந்தார். "நீங்க நல்லதுக்குத்தாம்மா வாங்கிக் குடுத்தீங்க, இது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது" என்று அவர் இரண்டு முறை சொன்னதாகக் கணவர் என்னிடம் சொன்னார்.

22-ஆம் தேதி 720. 26-ஆம் தேதி 410. ஐஎன்ஆர் 1.2. எட்டே நாளில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. 28-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு

எச்எல்ஏ வகைப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பியிருந்தார்கள். டிசம்பரில் முடிவு வந்தது: பி*35:01 இருக்கிறது. இது சாட்சி, தீர்ப்பு ஆகாது. இந்த வகை உள்ள பெரும்பாலானோருக்கு மஞ்சள் காப்ஸ்யூலால் ஒன்றும் ஆவதில்லை. வகை இல்லாதவர்களுக்கும் பாதிப்பு வந்திருக்கிறது. ஆனால் கல்லீரல் பாதிப்புக்கு ஒரு மருந்துதான் காரணமா என்று கணிக்கும் ருக்காம் என்ற மதிப்பெண் முறையில் 8-ஐத் தாண்டினால் "மிகவும் சாத்தியம்" என்று கொள்வார்கள். இவருக்கு, திரும்பச் சாப்பிட்டுத் திரும்ப வந்ததால், மரபணுவைச் சேர்க்காமலேயே தாண்டிவிட்டது.

ஜனவரி நடுவில் எல்லா எண்களும் இயல்பு. ஒரு வருடம் கழித்து எஸ்ஜிபிடி 24, ஐஜிஜி இயல்பு. தன்னெதிர்ப்பு நோயாக இருந்திருந்தால், சிகிச்சையே இல்லாமல் இவ்வளவு நாள் அமைதியாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

முட்டி வலிக்கு இந்த முறை ஒழுங்காக வழி செய்தோம். தொடைத் தசைக்கான பயிற்சி, மேலே தடவும் ஜெல், தரையில் உட்கார்ந்து செய்த வேலைகளை முக்காலிக்கு மாற்றியது. வலி முழுக்கப் போகவில்லை. டப்பா தேட வேண்டிய அளவுக்கு இல்லை என்கிறார்.

இந்திய மருந்து விழிப்புத் திட்டத்துக்கு விவரம் எழுதி அனுப்பினோம். அதற்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. மருந்தாகப் பதிவாகாத ஒரு பொருளை மருந்துப் படிவத்தில் நிரப்பும்போது எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தயங்கினோம். இருந்தாலும் எழுதினோம். உணவுக்கும் மருந்துக்கும் இடையில் நிற்கும் இப்படிப்பட்ட பொருள்களின் பாதிப்பு எங்கேயாவது ஓரிடத்தில் பதிவாக வேண்டும். இத்தாலியில் 2019-இல் இதுபோல் வந்த கல்லீரல் அழற்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததால்தான் அந்த நாட்டு அரசால் எச்சரிக்கை வெளியிட முடிந்தது.

திரும்பச் செய்தால்

ஜூலையில் என் கேள்வி தவறான கேள்வி. "என்ன மருந்து சாப்பிடறீங்க" என்று கேட்டால் மஞ்சள் வராது, சத்து மாவு வராது, பொடி வராது, ஜிம்மில் கொடுத்தது வராது. இப்போது நான் கேட்பது: "முட்டி வலிக்கு என்னென்ன பண்ணிப் பாத்தீங்க? காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் சோறு, காபி, தண்ணி தவிர வாயில என்ன போடறீங்க?" வீட்டில் இருக்கும் டப்பா, பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறேன். காமாலை என்றால் கூட வருபவரிடமும் தனியாகக் கேட்கிறேன்.

டைக்ளோஃபெனாக் என்று எழுதியபோது, அதைக் குறைத்துப் பல வாரம் கழித்து ஏன் காமாலை வந்தது என்று என்னை நானே கேட்டிருக்க வேண்டும். அப்படி வர முடியும் என்பதால் கேட்காமல் விட்டேன். ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை முடித்துக்கொண்டேன். செப்டம்பரில் எண்கள் இயல்பானபோது, அடுத்த மாதமும் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு எஸ்ஜிபிடி எடுத்திருந்தால் காமாலைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

வலி மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு வலியை அவரிடமே விட்டுவிட்டு வந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவரைத் திரும்ப அந்த டப்பாவுக்கு அனுப்பியதில் என் பங்கு அது.

இன்னும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. காப்ஸ்யூலை ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கவில்லை. அதில் எழுதியிருந்ததுதான் உள்ளே இருந்ததா, ஈயமோ வேறு மருந்தோ கலந்திருந்ததா என்று தெரியாது. ஜூலையின் முதல் காமாலையில் டைக்ளோஃபெனாக்குக்குச் சிறு பங்காவது இருந்ததா என்பதையும் இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால் அவருடைய அட்டையில் இரண்டையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் அவருடைய தங்கையைக் கூட்டிவந்தார். கரூரில் இருப்பவர், அதே காப்ஸ்யூலை எட்டு மாதமாகச் சாப்பிட்டு வந்தவர். கண்ணில் மஞ்சள் இல்லை, சோர்வு இல்லை, எஸ்ஜிபிடி 22. நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே மஞ்சப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "இதையும் எழுதிக்குங்க டாக்டர்" என்றார். எழுதிக்கொண்டேன்.